தடைக்காலத்துத் தவணை

வாங்கிய கடனைத் திருப்பிக் கட்டாத வீட்டில் பிறந்தவள் அல்ல நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், வீட்டுக் கடன் கேட்டு வங்கியில் போய் உட்கார்ந்த அன்று, எதிரில் இருந்த அதிகாரி அம்மா கம்ப்யூட்டரில் என் கணக்கைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சுர்ரென்று ஏறும்.

அப்போது எனக்கு முப்பது தாண்டியிருந்தது. கல்யாணம் ஆகவில்லை, ஆகவில்லையே என்று நான் கவலைப்பட்டதும் இல்லை. திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில், கேட்டை ஒட்டிய அறையில் எனக்கு வேலை. உள்ளே போகிற ஒவ்வொரு ஆளுக்கும் வண்டிக்கும் பாஸ் எழுதித் தருவேன். அப்பா போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகியிருந்தது. அம்மாவும் நானும் காசிமேட்டில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தோம். கீழ் வீட்டில் இருந்த வீட்டுக்காரம்மா கைப்பம்புக்குப் பூட்டுப் போட்டு வைத்திருப்பாள். காலையில் ஒரு தடவை திறப்பாள், நாம் எத்தனை குடம் பிடிக்கிறோம் என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பாள். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அன்றைக்கு அம்மா குளிக்க மாட்டாள். அப்படி ஒரு வாழ்க்கை.

அதனால்தான் திருவொற்றியூரில் அந்த வீட்டைப் பார்க்கப் போனபோது நான் முதலில் பார்த்தது சமையலறைக் குழாயை. இரண்டு அறை, மாடியில், தெருவைப் பார்த்த ஜன்னல். எல்லாம் சரி. ஆனால் குழாயைத் திருகினேன், தண்ணீர் வந்தது. மூடினேன். மறுபடி திருகினேன். வீட்டை விற்கிற பெரியவர் சிரித்துவிட்டார். தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்று, கோயம்புத்தூரில் மகளோடு இருக்கப் போகிறவர். "எப்பத் திறந்தாலும் வரும்மா, பயப்படாத," என்றார். இந்த வீடு எனக்குத்தான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

கையில் கொஞ்சம் சேமிப்பு இருந்தது. மீதிக்கு வங்கி. என் சம்பளம் விழுகிற வங்கிதான், எனக்கு என்ன கவலை என்று நல்ல புடவை கட்டிக்கொண்டு போனேன். அங்கேதான் அந்த உதடு பிதுங்கியது.

"உங்க சம்பளம் போதும் மேடம். ஆனா ஏற்கெனவே ஒரு லோன் ஓடுது. அதுல போன வருஷமும் அதுக்கு முந்தின வருஷமும் செக் திரும்பியிருக்கு. ரெண்டு வருஷமும் கோடையில."

"கட்டிட்டோமே. ஃபைனோட சேத்து."

"கட்டினது இருக்கு. நேரத்துக்குக் கட்டலை."

"அது தடைக்காலம் மேடம்."

"என்ன தடை?"

அந்த ஒரு கேள்வியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. காசிமேட்டில் பிறந்த குழந்தைகூட இந்தக் கேள்வியைக் கேட்காது. கடலில் மீன் குஞ்சு பொரிக்கிற பருவம் என்று கோடையில் ஒன்றரை மாதம் லாஞ்சு கடலுக்குப் போகக் கூடாது என்று அரசாங்கம் தடை போட்டிருக்கிறது. லாஞ்சு என்று நாங்கள் சொல்வது விசைப்படகை. அந்த நாட்களில் துறைமுகத்தில் லாஞ்செல்லாம் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கட்டிக் கிடக்கும். வருமானம் நின்றுவிடும். இதையெல்லாம் அந்த அம்மாவுக்கு எடுத்துச் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, "மீன் முட்டை போடறதுக்கும் உங்க செக்குக்கும் என்ன மேடம் சம்பந்தம்? நீங்க மாசச் சம்பளம் வாங்கறவங்கதானே?" என்றார்.

சம்பந்தம் இருந்தது. அந்தக் கடன் என் பெயரில் இருந்தாலும் என்னுடையது இல்லை.

எங்கள் தெருவில் சம்பளச் சீட்டு வைத்திருந்தது நான் ஒருத்திதான். மற்ற எல்லாரும் கடலை நம்பியவர்கள், அல்லது கடலிலிருந்து வருவதை விற்கிறவர்கள். எவ்வளவு சம்பாதித்தாலும் வங்கி அவர்களை ஏறெடுத்துப் பார்க்காது. அதனால் தெருவில் யாருக்கு என்ன வாங்க வேண்டுமானாலும் என் சம்பளச் சீட்டு ஞாபகம் வந்துவிடும். டிவி வாங்க வேண்டும், சீட்டைக் கொஞ்சம் குடேன் என்று, என்னவோ கடையில் மறந்துபோன சர்க்கரையைக் கேட்கிற மாதிரி கேட்பார்கள். எல்லாருக்கும் கொடுத்துவிடவில்லை. மாமாவுக்குக் கொடுத்தேன்.

மாமா என்றால் என் அக்காவின் புருஷன். எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளி இருந்தார்கள். லாஞ்சு டிரைவர். கடலில் அவர் ஒரு கை காட்டினால் போதும், ஆட்கள் எல்லாரும் வலையை இழுப்பார்கள். ஒரு லாஞ்சில் பங்கு சேரும் வாய்ப்பு வந்தபோது புது வலைக்குப் பணம் வேண்டியிருந்தது. என் பெயரில் கடன் எடுத்துக் கொடுத்தேன். மாதாமாதம் தவணைப் பணத்தை வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்காத குறையாகக் கொண்டுவந்து தருவார். நான் கணக்கில் போடுவேன். வங்கியில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்த செக்கை எடுத்துப் போட்டு அவர்கள் பிடித்துக்கொள்வார்கள்.

தடை வந்தால் மட்டும் மாமா தர மாட்டார். நானும் கேட்க மாட்டேன். எங்கள் பக்கம் தடை நாளில் யாரும் யாரிடமும் பணம் கேட்பதில்லை. மளிகைக் கடைக்காரர் கேட்பதில்லை, ஐஸ் கம்பெனிக்காரர் கேட்பதில்லை. வட்டிக்காரர்கூட அந்த நாட்களில் எங்கள் தெரு வழியாக வராமல் சுற்றிக்கொண்டு போவார். கேட்டால், நீ தர மாட்டாய் என்று சொன்னதாக அர்த்தம். சரி, அவருக்காக நாமே கட்டிவிடலாம் என்றால் அது இன்னும் மோசம். அவனால் ஆகாது என்று ஊருக்குச் சொன்னதாக அர்த்தம். எனவே அந்த மாதங்களில் நான் என் சம்பளத்தை விழுந்த அன்றே முழுசாக எடுத்துவிடுவேன். செக் போகும், வெறுங்கணக்கைப் பார்த்துத் திரும்பி வரும். தடை முடிந்து முதல் முறை கடலுக்குப் போய் வந்ததும் மாமா நிலுவையை ஒன்றாகக் கொண்டுவருவார். ஃபைன் எவ்வளவு என்று அவரே கேட்டு அதையும் சேர்த்துத் தருவார். கரண்ட் பில் தாமதமானால் ஃபைன் கட்டுகிறோம், அதோடு தீர்ந்ததில்லையா, அப்படித்தான் நான் நினைத்திருந்தேன்.

அதிகாரி அம்மா நல்லவர்தான் என்பதையும் சொல்ல வேண்டும். என்னைத் திருப்பி அனுப்பவில்லை. "இந்தக் கோடையில ஒரு செக்கும் திரும்பக் கூடாது. உங்க பேர்ல புதுசா எந்தக் கடனும் வேண்டாம், யாருக்கும் ஜாமீன் கையெழுத்தும் வேண்டாம். முடிஞ்சா ஆடிக்குள்ள இந்த லோனை முடிச்சுட்டு வாங்க. அப்புறம் நானே எழுதறேன்," என்றார். வீட்டை விற்கிற பெரியவரிடம் போய் உண்மையைச் சொன்னேன். "ஆடியில யாரு பத்திரம் பதியப் போறா. ஆவணி வரைக்கும் இருக்கேன். அதுக்கு மேல முடியாதும்மா," என்றார். சரி, இதென்ன பெரிய விஷயம் என்று நிமிர்ந்துதான் வீட்டுக்கு வந்தேன்.

பெரிய விஷயமாகத்தான் இருந்தது. தடை வர சில வாரங்களே இருந்தன. என் சம்பளத்திலிருந்து நானே தவணையைக் கட்டலாம். ஆனால் அந்த மாதங்களில் சேர்க்கிற ஒவ்வொரு ரூபாயும் வீட்டுக்கு நான் போட வேண்டிய பங்குக்குத் தேவை. அது ஒரு பக்கம் இருக்கட்டும், மாமாவுக்குத் தெரியாமல் கட்டுவது அவரை முதுகில் குத்துவது. தெரிந்து கட்டுவது முகத்தில் அடிப்பது. கேட்பதும் தப்பு, கேட்காமல் இருப்பதும் தப்பு என்று ஆனபோது நான் கேட்பதைத் தேர்ந்தெடுத்தேன். என் சுபாவம் அது. எதையும் நேருக்கு நேர் சொல்லிவிட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பாடு. மாமா சாப்பிட்டுக் கை கழுவும் வரை காத்திருந்துதான் சொன்னேன்.

"மாமா, இந்த வாட்டி தடையிலயும் தவணை ஒயுங்கா போவணும். இல்லன்னா எனக்கு வூடு கெடைக்காது."

அவர் துண்டில் கை துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்தார்.

"தடையில துட்டு கேக்கறியா?"

"ஆமா மாமா. கேக்கறேன்."

"எங்கப்பன் காலத்துல தடையே கெடையாது. ஆனா புயல் மழைன்னு கடலுக்குப் போவாத நாளு இருந்துச்சு. அப்பக்கூட ஒருத்தனும் ஒருத்தன கேட்டதில்ல. நம்ம குடும்பத்துல கேட்ட மொத ஆளு நீதான்."

சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அக்கா என் தட்டைப் பிடுங்காத குறை. "அந்தாளு உனுக்கு ஒரு ரூபா பாக்கி வச்சாரா? சொல்லுடி. வச்சாரா? நாலு செவுத்த வாங்கறதுக்கு மனுசன அறுத்துட்டியே." எனக்கும் கோபம் வந்தது. நாலு சுவர் இருக்கிறவளுக்கு அதன் அருமை தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். சொல்லியிருக்க வேண்டாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்காவிடமிருந்து மீன் வரவில்லை. அவள் மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். எங்கள் பங்கை எடுத்து வைத்து அனுப்பாத ஞாயிறு அதுவரை இருந்ததில்லை. அம்மா பருப்புக் குழம்பு வைத்து என் முன்னால் டொக்கென்று வைத்தாள். "மருமவன் மூஞ்சில நான் எப்படி முயிக்கறது? பம்புக்காரியே தேவல," என்றாள். அந்த வாரத்திலேயே பக்கத்து வீட்டிலிருந்து வாஷிங் மெஷினுக்குச் சம்பளச் சீட்டு கேட்டு வந்தார்கள். முடியாது என்றேன். ஏன் என்று விளக்கினேன், வங்கியில் கெட்டுப்போன பேரைச் சரி செய்கிறேன் என்றேன். "ஓ, பெரிய எடம் ஆயிட்டே," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். தெருவில் எனக்குக் கிடைத்துக்கொண்டிருந்த மரியாதை எல்லாம் அந்தச் சீட்டுக்குத்தானா என்று ஒருநாள் யோசித்தேன். அப்புறம் யோசிப்பதை விட்டுவிட்டேன்; எனக்கு ஒரு வேலை இருந்தது.

தடை தொடங்கியது. மாமாவிடமிருந்து ஒரு பேச்சும் இல்லை. தவணை நாள் வரட்டும், பணம் வராவிட்டால் என் சம்பளத்தை எடுக்காமல் அப்படியே விட்டுவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன். முகத்தில் அடித்ததாகவே இருக்கட்டும்.

ஒரு திங்கட்கிழமை காலை. ஏற்றி இறக்குகிற வேலைக்குக் கான்ட்ராக்டர் கூட்டி வந்த புது ஆட்கள் என் ஜன்னல் முன்னால் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவராகப் பேர் கேட்டு பாஸ் எழுதிக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தாமலே "பேரு?" என்றேன். பதில் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மாமா.

"எயுதிக்கம்மா," என்றார். என்னை முன்னே பின்னே பார்த்திராத மாதிரி.

எழுதினேன். என்ன வேலை என்ற இடத்தில் 'லோடு ஆள்' என்று போட வேண்டும். லாஞ்சு டிரைவரை, கடலில் திசை சொல்கிறவரை, லோடு ஆள் என்று என் கையாலேயே எழுதினேன். பாஸை வாங்கிக்கொண்டு மற்றவர்களோடு உள்ளே போனார். பின்னால் நின்றிருந்த லாரிக்காரன் ஹாரன் அடித்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. வீடும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், ஓடிப் போய்க் கூப்பிட்டுக்கொண்டு வந்துவிடலாமா என்று தோன்றியது. ஒரு நிமிஷம்தான். போனால் அவர் இன்னும் குறுகிப் போவார் என்று எனக்குத் தெரியும். கண்ணைத் துடைத்துக்கொண்டு லாரிக்குப் பாஸ் எழுதினேன்.

மத்தியானம் கன்டெய்னர் நிழலில் உட்கார்ந்து தூக்கைத் திறந்துகொண்டிருந்தார். உப்பு மூட்டை தூக்கினாரோ உர மூட்டை தூக்கினாரோ, தோள் சிவந்திருந்தது. சட்டை முழுக்கக் கன்டெய்னர்த் துரு. என் டப்பாவிலிருந்து எலுமிச்சம் சாதத்தை அவர் மூடியில் வைத்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

"உங்க அக்காவாண்ட சொல்லாத. லாஞ்சுக்கு பெயின்ட் அடிக்கப் போறேன்னு சொல்லிக்கீறேன்."

"சரி மாமா."

கொஞ்ச நேரம் சாப்பிட்டார்.

"ஒண்ணு தெரிஞ்சுக்க. நீ கேட்டது தப்புதான்."

"தப்புன்னா இன்னாத்துக்கு மாமா வந்தீங்க?"

"அதான் கேட்டுட்டியே," என்றார்.

தவணை நாளுக்கு முன்னாலேயே பணம் என் ஜன்னலுக்கு வந்தது. பாஸைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி நீட்டினார், நான் வாங்கிக்கொண்டேன். செக் போனது, திரும்பவில்லை. அடுத்ததும் அப்படியே. தடை முடிந்து லாஞ்சுகள் கிளம்பிப் போனபோது இறால் நன்றாகப் பட்டது. ஆடிக்கு முன்னாலேயே மாமா மொத்தத்தையும் கொண்டுவந்து கொடுத்துக் கடனை முடித்துவிட்டார். "இனிமே உனுக்கும் எனுக்கும் துட்டுல ஒண்ணும் கெடையாது," என்றார். சந்தோஷமாகச் சொன்னாரா வருத்தமாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. அக்கா அப்போதும் என்னோடு பேசவில்லை. மீனும் வரவில்லை.

வங்கிக்குப் போனேன். அதிகாரி அம்மா கம்ப்யூட்டரைப் பார்த்தார். இந்தத் தடவை உதடு பிதுங்கவில்லை. "சொன்ன மாதிரியே செஞ்சுட்டீங்களே," என்றார். விண்ணப்பத்தை எழுதிக்கொண்டு, இனி ஒரே ஒரு விஷயம்தான் பாக்கி என்றார். அவர்கள் ஆள் ஒருவர் எங்கள் தெருவுக்கு வருவாராம். நான் எப்படிப்பட்டவள், கொடுக்கல் வாங்கலில் நாணயமா என்று அக்கம்பக்கத்தில் விசாரிப்பாராம். கம்ப்யூட்டரைச் சரி செய்துவிட்டேன். எங்கள் தெருவை நான் எங்கே சரி செய்தேன்?

அவர் வந்த அன்று நான் மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். பைக்கை நிறுத்திவிட்டு, தோள் பையோடு தெருவில் இரண்டு பக்கமும் பார்த்தார். யாரைக் கேட்பார் என்று மேலே இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வாஷிங் மெஷின் கேட்ட வீட்டு வாசல் திறந்துதான் இருந்தது. ஆனால் அவர் கண்ணில் பட்டது, தன் வீட்டு வாசலில் கால் கட்டைவிரலில் வலையை மாட்டிக்கொண்டு கிழிசலைப் பின்னிக்கொண்டிருந்த மாமா. நேராக அவரிடம் போனார். ஈரப் புடவையும் கையுமாகக் கைப்பிடிச் சுவர் ஓரம் போனேன்; நாலு வீடு தள்ளியிருந்தாலும் பேச்சு மேலே தெளிவாகக் கேட்டது.

யார்டில் வேலை பார்க்கிற அம்மா வீடு எது என்று கேட்டார். மாமா நிமிராமல் ஊசியால் காட்டினார். வங்கியிலிருந்து வருவதாகச் சொல்லி, "கொடுக்கல் வாங்கல்ல அவங்க எப்படி?" என்றார் வந்தவர்.

"அவளா? தடையில துட்டு கேட்டவ சார் அவ. சொந்த அக்கா புருசனாண்ட."

"தடைன்னா?"

"லாஞ்சு கடலுக்குப் போவாத நாளு. அப்போ இந்தத் தெருவுல எவனும் எவனையும் துட்டு கேக்க மாட்டான். வூட்ல சாவு வுயுந்தாக்கூட கேக்க மாட்டான். இவ கேட்டா."

வந்தவர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். "அப்ப... ஆள் சரியில்லைன்னு சொல்றீங்களா?"

மாமா ஊசியைக் கீழே வைத்தார். அப்போதுதான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

"இன்னா சார் நீ? அந்த நாள்லயே, சொந்த மாமனையே வுடாதவ, உன் பேங்கு துட்ட ஒரு நாளு தாண்ட வுடுவாளா? எயுதிக்க."

வந்தவர் எழுதிக்கொண்டார். அவர் குனிந்து எழுதிக்கொண்டிருக்கும்போது மாமா தலையைத் தூக்கி நேராக மாடியைப் பார்த்தார். நான் அங்கே நிற்பது அவருக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது.

"இன்னா பாத்துகினுகீற? வெயில்ல வந்துகீறாரு, தண்ணி குடு."

இறங்கி ஓடினேன். அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள், குடம் காலி. பம்பு பூட்டியிருந்தது. மாமாவைத் தாண்டி, பங்குனியிலிருந்து நான் கால் வைக்காத அக்கா வீட்டுக்குள் போனேன். அக்கா கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். தண்ணீர்ச் சொம்பு ஏற்கெனவே அவள் கையில் இருந்தது.

"உங்க மாமா யார்டுக்கு மூட்ட தூக்க வந்தது எனுக்குத் தெரியாதுன்னு நெனச்சுகினு இருந்தீங்களா ரெண்டு பேரும்?" என்றாள். "பெயின்ட் அடிக்கிறவன் சட்டையில துரு எங்கடி வரும்? தோச்சது யாரு?"

"அப்புறம் ஏன்க்கா கேக்காம இருந்தே?"

"தடையில எப்படிடி கேக்கறது," என்றாள் அக்கா. சொம்பை என் கையில் கொடுத்தாள்.

ஆவணியில் பத்திரம் பதிந்தோம். பால் காய்ச்சுகிற அன்று அக்கா வஞ்சிரம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். பால் காய்ச்சுகிற வீட்டில் மீனா என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அக்கா எதையும் காதில் வாங்காமல் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, மீனைக் கழுவ உட்கார்ந்தாள்.